ஒளி–நிழல் ஓவியம் பயில்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எண்ணெய் வண்ணத்தில் ஓரளவு கை பழகியவர்கள் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான்: ஆழ்ந்த இருட்டிலிருந்து ஒரு முகமோ ஒரு கையோ வெளிச்சத்துக்குள் எழுந்து வரும் ஓவிய முறை. இத்தாலியிலும் நெதர்லாந்திலும் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் முதிர்ந்த இந்த முறையைத் தாமாகவே கற்றுக்கொள்ள முயல்பவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விடைகள் பலவானாலும் அவற்றின் அடியில் ஓடும் கருத்து ஒன்றே: இவ்வகை ஓவியத்தின் ஒளி, ஓவியர் தம் முன் அமைக்கும் அறையில் தொடங்குகிறது, அங்கே கண்டவற்றுள் எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதே தூரிகையின் பெரும்பணி.

கியாரோஸ்கூரோ, தெனெபிரிசம் என்ற இரண்டு பெயர்களும் ஒன்றையே குறிக்கின்றனவா?

ஒன்றுக்குள் மற்றொன்று அடங்கும். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் படிப்படியாக இறங்கும் தொனிகளை, அதாவது வெளிர்மை–கருமை அளவுகளை, கொண்டு, தட்டையான பரப்பில் உருவத்தின் திரட்சியைக் காட்டும் எல்லா வகை ஓவியமும் கியாரோஸ்கூரோதான். லியோனார்டோ டா வின்சி (1452–1519) அதைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சிப் பொருள்களில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டவர். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ‘பாறைகளின் கன்னி’ ஓவியத்தில் குகையின் இருட்டும் முகங்களின் வெளிச்சமும் எங்கே சந்திக்கின்றன என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. தெனெபிரிசம் என்பது அதன் தீவிர வடிவம். அதில் பின்னணி முழுவதும் இருளில் விடப்படுகிறது. ஒரே திசையிலிருந்து வரும் கூரிய ஒளி, காட்சியில் ஒரு சில பகுதிகளை மட்டும் தொடுகிறது. 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோம் நகரில் கரவாஜியோ (1571–1610) இதை நிலைநிறுத்தினார்; பிறகு நேப்பிள்ஸ், ஸ்பெயின், ஹாலந்தின் உட்ரெக்ட், பிரான்ஸை ஒட்டிய லொரேன் என்று அது பரவியது.

பயில்பவர் முதலில் கைக்கொள்ள வேண்டியது மெல்லிய படிநிலைகளைக் கொண்ட பொதுவான முறையையே. நடுத்தொனிகளைச் சரியாகக் கட்டத் தெரியாதவர் பின்னணியைக் கறுப்பாக்கினால், உருவம் காகிதத்தில் வெட்டி ஒட்டியதாகவே தெரியும்.

கறுப்பு வண்ணத்தை அதிகமாகப் பயன்படுத்தியதுதான் கரவாஜியோவின் உத்தியா?

இல்லை. அவர் காலத்தவரே அதற்கு வேறு விளக்கம் தந்திருக்கிறார்கள். மருத்துவரும் ஓவியச் சேகரிப்பாளருமான ஜூலியோ மான்சினி, 1620-ஐ ஒட்டி எழுதிய குறிப்புகளில், கரவாஜியோவும் அவரைப் பின்பற்றியவர்களும் மேலிருந்து வரும் ஒற்றை ஒளியை, எங்கும் எதிரொளி படாதபடி, ஒரே ஜன்னலும் கறுப்பு பூசிய சுவர்களும் கொண்ட அறையில் இருப்பதுபோல் அமைத்துக்கொள்கிறார்கள் என்று விவரிக்கிறார். ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை 1672-இல் எழுதிய பெல்லோரியும், கரவாஜியோ தம் மாதிரிகளைத் திறந்த வெயிலுக்குக் கொண்டுவராமல், மூடிய அறையின் பழுப்பிருட்டில் நிறுத்தி, உயரத்திலிருந்து இறங்கும் ஒளியை உடலின் முக்கியப் பகுதிகளில் மட்டும் விழச்செய்தார் என்கிறார். 1605-இல் கரவாஜியோ குடியிருந்த வீட்டின் சொந்தக்காரப் பெண்மணி, வாடகை பாக்கிக்காகவும் உடைந்த மேல்தளத்துக்காகவும் அவர்மேல் வழக்குத் தொடுத்தார். அந்தத் தளத்தைத் திறந்தது மேலிருந்து ஒளி வரவழைப்பதற்காகத்தான் என்று கலை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

லியோனார்டோவும் தம் குறிப்பேடுகளில், உருவப்படம் வரைவதற்காகச் சுவர்களுக்குக் கறுப்பு பூசிய ஒரு முற்றத்தை அமைத்துக்கொள்ளுமாறும், வெயில் ஏறும்போது மேலே துணி விரித்துக்கொள்ளுமாறும் சொல்லியிருக்கிறார். மென்மையான ஒளியை விரும்பியவரும் கடுமையான ஒளியை விரும்பியவரும் சுவர்களைக் கறுப்பாக்குவதில் உடன்படுகிறார்கள் என்பதைப் பயில்பவர் நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். வெள்ளைச் சுவர்கள் உள்ள அறையில் வெளிச்சம் எல்லாத் திசைகளிலும் பட்டுத் திரும்பி நிழல்களுக்குள் புகுந்துவிடும். அப்படிக் கலங்கிய நிழலை எந்தக் கறுப்பு வண்ணத்தாலும் பின்னர் சரிசெய்ய முடியாது; முயன்றால் படம் அழுக்கேறியதுபோல் ஆகும்.

பயில்பவர் ஒரே ஓர் ஓவியத்தைத்தான் ஆழ்ந்து படிக்க முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ரோம் நகரின் சான் லூயிஜி தேய் பிரான்சேசி தேவாலயத்தில், கொன்டரெல்லி சிற்றாலயத்தின் இடச்சுவரில் இருக்கும் ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ (1599–1600). ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர் உயரமும் அதைவிடச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்ட இந்த ஓவியத்தில் வரி வசூலிப்பவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரான மத்தேயுவைச் சீடராக அழைக்க, வலப்புறத்திலிருந்து கிறிஸ்துவும் பேதுருவும் உள்ளே வருகிறார்கள். இதன் உயர்தெளிவுப் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கி, அவசரமில்லாமல் பாருங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது, காட்சிக்குள் ஒரு ஜன்னல் வரையப்பட்டிருந்தும் அதிலிருந்து ஒளி வரவில்லை என்பது. அதன் பலகங்கள் மங்கிக் கிடக்கின்றன. ஒளி, சட்டத்துக்கு வெளியே, வலப்புற மேல்மூலையிலிருந்து சாய்வாக இறங்கிச் சுவரில் ஒரு கூர்மையான எல்லையை வகுக்கிறது. அந்த எல்லைக்குக் கீழே, கிறிஸ்துவின் நீட்டிய கை மட்டும் இருளிலிருந்து வெளிப்படுகிறது. அவருடைய உடலின் பெரும்பகுதியைப் பேதுருவின் உருவம் மறைத்துவிடுகிறது. கதையின் தலைமை மாந்தரையே நிழலில் விட்டுவிட்டு, அழைக்கப்படுபவர்களின் முகங்களுக்கு வெளிச்சத்தைக் கொடுத்தது எவ்வளவு பெரிய துணிவு! சிற்றாலயத்தின் பலிபீடத்துக்கு மேலே உண்மையாகவே ஒரு ஜன்னல் இருக்கிறது. ஓவியத்துக்குள் விழும் ஒளியின் திசையும் அந்த ஜன்னலின் திசையும் ஒத்துப்போகின்றன. எதிர்ச்சுவரில் உள்ள ‘புனித மத்தேயுவின் மறைசாட்சி’ ஓவியத்தில் ஒளி இடப்புறமிருந்து வருவதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவதாக, படத்தைக் கண்களைச் சுருக்கிப் பாருங்கள். மேல்பாதியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை: சுவர், ஜன்னல், ஒளியின் சாய்வு, அவ்வளவுதான். மனிதர்கள் அனைவரும் கீழ்ப்பாதியில் அடங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய கால்கள், இருக்கைகள், மேசையின் அடிப்பகுதி எல்லாம் பெரும்பாலும் ஒரே இருண்ட பரப்பாக இணைகின்றன. நிழலில் இருப்பவற்றை ஒன்றோடொன்று சேர்த்துவிடும் இந்தத் துணிவையே பயில்பவர் இவரிடம் முதன்மையாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஒளியை எப்படி அமைத்துக்கொள்வது?

ஒரு மேசை, ஒரு விளக்கு, கறுப்பு அல்லது அடர்பழுப்புத் துணி, பெரிய அட்டைப்பெட்டி ஆகியவை போதும். அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் வெட்டி எடுத்து, உட்புறத்தில் மங்கலான கறுப்பு பூசிக்கொண்டால், மான்சினி சொன்ன அறை சிறிய அளவில் கிடைத்துவிடும். அதற்குள் பொருளை வைத்து, இடப்புறத்தில், பொருளைவிட உயரத்தில், ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் விளக்கை நிறுத்துங்கள். வலக்கையால் வரைபவருக்கு இடப்புற ஒளி வசதியானது, தம் கையின் நிழல் தாளில் விழாது. இடக்கைக்காரர்கள் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும். தாளுக்கென்று ஒரு சிறிய விளக்கு தேவைப்படும். அதன் ஒளி பொருளின்மேல் சிறிதும் படாதபடி அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கின் தொலைவே நாடகத்தன்மையைத் தீர்மானிக்கிறது. சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளி, தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கிலிருந்து அரை மீட்டரில் ஒரு பழமும் ஒன்றரை மீட்டரில் பின்துணியும் இருந்தால், துணிக்குப் பழம் பெறும் வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதே விளக்கை மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். எனவே பின்னணி தானாக இருண்டுபோக வேண்டுமானால் விளக்கைப் பொருளுக்கு அருகிலும் பின்துணியைத் தொலைவிலும் வையுங்கள். உறையில்லாத சிறிய பல்பு கூரிய ஓரமுள்ள நிழலைத் தரும். அதற்கு முன்னால் சற்றுத் தள்ளி ஒரு டிரேசிங் தாளைத் தொங்கவிட்டால் நிழலின் ஓரம் நெகிழும். எல்.ஈ.டி. பல்பு வாங்கும்போது நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் எண் (CRI) 90-க்கு மேல் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வடக்கு ஜன்னல் வெளிச்சமே சிறந்தது என்று ஐரோப்பிய நூல்கள் சொல்கின்றன. நமக்கும் அது பொருந்துமா?

ஆண்டு முழுவதும் பொருந்தாது. ஐரோப்பாவில் நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான் இருக்கும். ஆகவே வடக்கு ஜன்னலில் வானத்தின் நிதானமான ஒளி நாள் முழுவதும் கிடைக்கும். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கன்னியாகுமரியில் இந்தக் காலம் இன்னும் நீளம். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் எட்டிப்பார்க்கும். காலையிலும் மாலையிலும் சாய்கதிர்களும் புகும். அப்போது தெற்கு ஜன்னலே நிதானமான ஒளியைத் தரும். அக்டோபர் முதல் மார்ச் வரை வடக்கு ஜன்னலை நம்பலாம். எந்த ஜன்னலானாலும் அதன் கீழ்ப்பாதியைக் கனமான துணியால் மறைத்து, மேல்பாதியிலிருந்து மட்டும் ஒளி வரும்படி செய்துகொண்டால், உருவப்படத்தில் கண்குழியிலும் மூக்கின் கீழும் தாடையின் கீழும் நிழல் தெளிவாக அமையும்.

எந்தப் பொருளை வரைந்து தொடங்குவது?

முட்டை. வெள்ளை நிறமும் வளைந்த பரப்பும் கொண்ட பொருளில்தான் ஒளியின் எல்லாப் படிகளும் ஒளிவுமறைவின்றித் தெரியும். ஐரோப்பியப் பயிற்சிக்கூடங்களில் பிளாஸ்டர் வார்ப்புச் சிலைகளை மாணவர்கள் மாதக்கணக்கில் வரைவதும் இதே காரணத்துக்காகத்தான்: நிறம் கவனத்தைச் சிதறடிக்காது, மாதிரி அசையாது.

முட்டையை விளக்கின் கீழ் வைத்துவிட்டு உடனே வரையத் தொடங்காதீர்கள். நேரொளி படும் பகுதி எது, அதில் பளிச்சிடும் புள்ளி எங்கே, பரப்பு ஒளியைவிட்டுத் திரும்பத் தொடங்கும் நடுத்தொனி எவ்வளவு அகலம், ஒளி முற்றும் நின்றுபோகும் எல்லைக்கோடு எந்த வளைவில் செல்கிறது, அந்த எல்லையை ஒட்டிய மையநிழல் எவ்வளவு கருமையானது, மேசையிலிருந்து திரும்பிவரும் எதிரொளி நிழலை எவ்வளவு வெளுக்கச் செய்கிறது, மேசைமேல் விழும் நிழல் முட்டையைத் தொடும் இடத்தில் எவ்வளவு கூர்மையாகவும் விலகும்போது எவ்வளவு நெகிழ்ந்தும் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். இவற்றுள் மிக முக்கியமானது ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான அந்த எல்லைக்கோடு. அதை முதலில் மெல்லிதாகக் குறித்து, அதற்கு அப்பால் உள்ள எல்லாவற்றையும் ஒரே தொனியில் கரித்துண்டால் நிரப்பிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். கரித்துண்டைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது பரப்புகளாகச் சிந்திக்கப் பழக்கும். பென்சில் கோடுகளாகவே சிந்திக்க வைக்கும். பிசைந்து உருட்டத்தக்க மெல்லிய ரப்பரால் கரியை ஒற்றி எடுத்து வெளிச்சத்தை மீட்பதும் நல்ல பயிற்சி.

என் நிழல்கள் ஆழமாகத் தெரியவில்லை. எங்கே தவறு நிகழ்கிறது?

பெரும்பாலும் எதிரொளியில். நிழலுக்குள் ஒரு வெளிர்ந்த பட்டை தெரிகிறது என்று கண்டுபிடித்த மகிழ்ச்சியில், அதை நடுத்தொனிக்குச் சமமாக வெளுக்க வரைந்துவிடுகிறோம். சுற்றிலும் இருள் இருப்பதால் அது இருப்பதைவிட வெளிச்சமாகத் தெரிவது கண்ணின் இயல்பு. நிழலுக்குள் இருக்கும் மிக வெளிச்சமான பகுதியும், ஒளிக்குள் இருக்கும் மிக மங்கிய பகுதியைவிடக் கருமையாகவே இருக்க வேண்டும்; இதை ஏறக்குறைய மீறக்கூடாத விதியாகவே கொள்ளலாம். ஐயம் வரும்போதெல்லாம் கண்களைச் சுருக்கிப் பார்த்தால், நிழலில் உள்ள நுணுக்கங்கள் தாமாக மறைந்து ஒரே பரப்பு மிஞ்சும்.

தொனி அளவுகோல் செய்து பழகுவது அவசியமா?

அவசியம், ஒரு நாளில் செய்துவிடலாம். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஒன்பது கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் சமமான இடைவெளி. அதன் பயன், நம் கையில் இருக்கும் வீச்சு எவ்வளவு குறுகியது என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது. வெள்ளை வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்பும் நூற்றில் சில பங்கை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. இருண்ட அறையில் எரியும் சுடருக்கும் அறையின் மூலைக்கும் இடையே உள்ள வேறுபாடோ பல ஆயிரம் மடங்கு. ஆகவே கண்டதைக் கண்டபடி படியெடுப்பது இயலாத காரியம். நடுத்தொனிகள் பெரும்பாலானவற்றைக் கீழிறக்கி, மிக வெளிர்ந்த தொனியை ஓரிரண்டு இடங்களுக்கு மட்டும் ஒதுக்கினால்தான் அந்த இடங்கள் ஒளிர்வதாகத் தோன்றும். நெற்றி, மூக்குநுனி, காலர், மேசைத்துணி என்று நான்கைந்து இடங்களில் தூய வெள்ளையைச் செலவழித்துவிட்டவருக்குச் சுடரை வரைய ஒன்றும் மீதமிருக்காது.

எண்ணெய் வண்ணத்தில் எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

வெள்ளைக் கித்தானில் தொடங்காதீர்கள் என்பதே முதல் அறிவுரை. நடுத்தரப் பழுப்பில் அடிப்பூச்சு கொடுத்துக் காய விடுங்கள். கரவாஜியோவின் முதிர்ந்த ஓவியங்களில் அடிப்பூச்சே பழுப்பு. பல இடங்களில் அதையே வெளியே தெரியவிட்டு, நிழலாகவோ நடுத்தொனியாகவோ பயன்படுத்தியிருக்கிறார். அவர் வரைந்த முன்வரைவு என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு தாள்கூட இன்று இல்லை. மாறாக, அடிப்பூச்சில் கூரான முனையால் கீறிய சிறு கோடுகள் அவருடைய ஓவியங்கள் பலவற்றில் காணப்படுகின்றன. மாதிரிகளின் நிலையைக் குறித்துக்கொள்வதற்காக அவர் அவற்றைக் கீறியிருக்கலாம் என்பது பொதுவான கருத்து.

அடுத்து, அம்பர் பழுப்பு ஒன்றை மட்டும் டர்பென்டைனில் மெலிதாகக் கரைத்து, நிழல் முழுவதையும் ஒரே பரப்பாகப் பூசுங்கள். வெளிச்சம் வேண்டிய இடங்களைப் பருத்தித் துணியால் துடைத்து எடுங்கள். இந்த நிலையில் ஓர் ஓவியம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர்கள், லியோனார்டோ 1481-இல் தொடங்கி முடிக்காமல் விட்ட ‘ஞானிகளின் வணக்கம்’ ஓவியத்தைப் பார்க்கலாம். அது பிளாரன்ஸ் நகரின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒளியும் நிழலும் ஏற்கெனவே முடிவாகிவிட்டன, வண்ணம் இன்னும் வரவே இல்லை. வண்ணத்துக்கு முன்பே ஒளி முடிவாகிவிட வேண்டும் என்ற பழைய பயிற்சிமுறையை இதைவிடத் தெளிவாக விளக்கும் சான்று வேறில்லை.

அது காய்ந்தபின், ஒளிப்பகுதிகளில் வெள்ளை கலந்த வண்ணங்களைச் சற்றுத் தடிமனாக ஏற்றுங்கள். நிழல்களை மெலிதாகவும் ஊடுருவித் தெரியும்படியும் விட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் இறுதியில் எண்ணெய் கூடுதலாகக் கலந்த மெல்லிய வண்ணப் படலத்தைப் பூசி நிழலை ஆழமாக்கலாம். கீழே எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் அதிகம் என்ற வரிசை மாறினால், மேல்பூச்சு முதலில் காய்ந்து பிறகு வெடிப்புவிடும்.

இருளுக்கு எந்த வண்ணங்கள்?

பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்தால் மிக ஆழ்ந்த கருமை கிடைக்கும். பழுப்பைக் கூட்டினால் வெம்மையாகவும் நீலத்தைக் கூட்டினால் குளிர்ச்சியாகவும் அதை நகர்த்தலாம். ஐவரி பிளாக்கும் நல்ல வண்ணம்தான், ஆனால் மெதுவாகக் காயும். ஆகவே அடிப்பூச்சில் தவிருங்கள். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது விரைவில் காய்ந்துவிடும். இவற்றுடன் யெல்லோ ஆக்கர், ஒரு சிவப்பு, டைட்டானியம் வெள்ளை ஆகியவை இருந்தால் முதல் ஆண்டு முழுவதற்கும் போதும். பழைய ஓவியர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை நச்சுத்தன்மை உடையது. வீட்டில் பயில்பவர்களுக்கு அது தேவையே இல்லை.

நிழலில் வெள்ளை கலப்பதை எவ்வளவு தவிர்க்க முடியுமோ அவ்வளவு தவிருங்கள். ஒரு துளி வெள்ளை போதும், நிழல் சுண்ணாம்பு படிந்ததுபோல் ஊடுருவல் இழந்துவிடும்.

விளிம்புகளைக் கூர்மையாக வைப்பதா, கரைப்பதா?

இரண்டும் ஒரே படத்தில் வேண்டும். எங்கே எது என்பதில்தான் ஓவியரின் அறிவு வெளிப்படுகிறது. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள கரவாஜியோவின் ‘எம்மாவுஸ் உணவு’ (1601) ஓவியத்தில், மேசையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பழக்கூடையும் அதன் நிழலும் கூர்மையாக இருக்கின்றன. ஒளிக்கு அப்பால் திரும்பும் தோள்களும் மடிப்புகளும் பின்னணியோடு கலந்துவிடுகின்றன. கண் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒளியும் இருளும் நேருக்கு நேர் மோதட்டும். நிழலுக்குள் நிழல் சேரும் இடங்களில் விளிம்பே வேண்டாம். பார்ப்பவரின் மனம் அதை முடித்துக்கொள்ளும். தொடக்கநிலையில் இருப்பவர்களின் படங்களைப் பார்க்கும்போது, கருமையான முடியையும் கருமையான பின்னணியையும் பிரித்துக்காட்ட அவர்கள் இழுக்கும் அந்த ஒற்றைக் கோடுதான் மனத்தை உறுத்துகிறது. அதை அழித்துவிட்டாலே படம் பலமடங்கு உயர்ந்துவிடும்.

ரெம்பிராண்டின் ஒளி கரவாஜியோவின் ஒளியிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது?

ரெம்பிராண்ட் (1606–1669) இத்தாலிக்குச் சென்றதே இல்லை. கரவாஜியோவின் தாக்கம் உட்ரெக்ட் ஓவியர்கள் வழியாக ஹாலந்துக்கு ஏற்கெனவே வந்துசேர்ந்திருந்தது. கரவாஜியோவின் ஒளி ஒரு பக்கமாக வெட்டி நுழைவது. ரெம்பிராண்டின் ஒளி நடுவில் குவிந்து சுற்றிலும் மெல்ல அடங்குவது. அவர் வெளிச்சத்தை வண்ணத்தின் பருமனாலும் காட்டினார்: நெற்றியிலும் நகையிலும் கழுத்துப்பட்டையிலும் வண்ணம் மேடுகட்டி நிற்கும், நிழல் மெலிந்து அடிப்பூச்சுத் தெரியும். அந்த மேடுகள் அறையின் உண்மையான ஒளியையே பிடித்துத் திருப்புகின்றன.

ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ‘இரவுக் காவல்’ (1642) உண்மையில் பகற்காட்சி. படிந்த அழுக்காலும் கறுத்துப்போன வார்னிஷாலும் இரவு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் துப்புரவு செய்தபோது வெயில் வெளிப்பட்டது. பழைய ஓவியங்களின் மஞ்சள் கலந்த இருட்டை அப்படியே படியெடுக்க நினைப்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். அந்த ஓவியத்தில் தளபதியின் நீட்டிய கை, அருகில் நிற்கும் துணைத்தளபதியின் வெளிர்மஞ்சள் அங்கியில் நிழலாக விழுகிறது. அந்த ஒரு நிழலே ஒளியின் திசை, இருவருக்கும் இடையிலான தொலைவு, கையின் அசைவு ஆகிய மூன்றையும் சொல்லிவிடுகிறது.

விளக்கு அல்லது மெழுகுவர்த்தி ஒளியை வரைவது எப்படி?

சுடரைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுங்கள். ஜார்ஜ் டி லா தூர் (1593–1652) வரைந்து இன்று லூவரில் இருக்கும் ‘தச்சர் யோசேப்பு’ ஓவியத்தில், சிறுவன் மெழுகுவர்த்திக்கு முன்னால் கையைக் குவித்திருக்கிறான். விரல்களின் சதை வழியாக ஒளி ஊடுருவிச் சிவக்கிறது, முகம் முழுமையாக ஒளிர்கிறது. ஆங்கிலேயரான ஜோசப் ரைட் 1768-இல் வரைந்த காற்றுப்பம்புச் சோதனை ஓவியத்திலும் மேசைமேல் உள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பின்னால் விளக்கு ஒளிந்திருக்கிறது. சுடரை மறைத்துவிட்டால், மிக வெளிர்ந்த தொனியை முகத்துக்கே கொடுக்க முடியும்.

இதை நேரில் பார்க்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில், எஸ். எல். ஹல்தங்கர் 1940-களில் வரைந்த விளக்கேந்திய பெண்ணின் ஓவியம் இருக்கிறது. பலர் அதை ரவி வர்மாவின் படைப்பு என்று தவறாக எண்ணுகிறார்கள். அது நீர்வண்ணத்தில் செய்யப்பட்டது என்பது வியப்பூட்டும். தாளின் வெண்மையையே ஒளியாக விட்டு, சுற்றிலும் தொனிகளைக் கட்டியிருக்கிறார். நீர்வண்ணத்தில் இது முடியாது என்பவர்கள் அந்தப் படத்தின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும்.

பயிற்சிக்கு: சுடருக்கு அருகில் உள்ள பரப்புகள் மஞ்சளாகவும், விலகும்போது செம்மஞ்சளாகவும், பிறகு செம்பழுப்பாகவும் மாறுவதைக் கவனியுங்கள். நிழலில் நீலம் சேர்க்காதீர்கள். அது ஜன்னல் ஒளிக்கு உரியது.

நம் மரபு ஓவியங்களில் இந்த முறை இருந்ததா?

திரட்சி காட்டும் நிழல் இருந்தது. ஒரே திசையிலிருந்து விழும் ஒளி இருக்கவில்லை. அஜந்தாவிலும் சித்தன்னவாசலிலும் தஞ்சைப் பெரிய கோவிலின் உட்சுற்றில் உள்ள சோழர் கால ஓவியங்களிலும் உடலின் ஓரங்கள் கருமையாகி நடுப்பகுதி வெளிர்வதைக் காணலாம். விஷ்ணுதர்மோத்தரம் என்ற பழைய வடமொழி நூலின் சித்திரசூத்திரப் பகுதி மூன்று வகை நிழலிடும் முறைகளைத் தனியாகவே கூறுகிறது: இலை நரம்பு போன்ற கோடுகள், மிக மெல்லிய தீற்றல், புள்ளிகள். ஆனால் தரையில் விழும் நிழல் அங்கே இல்லை. ஒரு பொழுதுக்கோ ஒரு ஜன்னலுக்கோ கட்டுப்படாத உருவத்தைக் காட்டுவதே அந்தக் கலையின் நோக்கமாக இருந்தது. ஆகவே அதைக் குறையாகக் கருதுவது தவறு. எண்ணெய் வண்ணத்தோடு சேர்ந்த ஐரோப்பிய ஒளியமைப்பை ராஜா ரவி வர்மா (1848–1906) கைக்கொண்டார். திருவாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வேலை செய்வதைப் பார்த்து அவர் கற்ற கதை அனைவரும் அறிந்ததே.

புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். கைபேசிக் கேமராக்கள் நிழலைத் தாமாகவே வெளிச்சப்படுத்தி, நாம் அரும்பாடுபட்டு அமைத்த இருளைக் கெடுத்துவிடுகின்றன. அந்த வசதியை நிறுத்தி எடுத்தாலோ நிழல் முழுக்கறுப்பாகி, அதற்குள் கண் காணும் மெல்லிய வேறுபாடுகள் அழிந்துவிடும். அசையும் மாதிரியை வரையும்போது நிலையை நினைவூட்டிக்கொள்ள மட்டும் புகைப்படத்தை வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஓவியங்களைப் படியெடுப்பது பயன் தருமா?

மிகுந்த பயன் தரும். ஆனால் முழுப்படத்தை எடுக்காதீர்கள். இத்தாலியப் பெண் ஓவியரான ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி, பகைத் தளபதியின் தலையை வெட்டும் விவிலியப் பெண் யூதித்தை வரைந்த ஓவியத்தில் (உஃபிசி, 1620-ஐ ஒட்டியது) யூதித்தின் இரு கைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒளி எப்படிப் பயணம் செய்கிறது, வலிமையுடன் அழுத்தும் கையின் திரட்சியை நிழல் எப்படித் தாங்குகிறது என்பதைப் பழுப்பும் வெள்ளையும் மட்டும் கொண்டு உள்ளங்கை அளவில் செய்து பாருங்கள். இத்தகைய சிறு படிகள் பத்துச் செய்தவர், பெரிய படி ஒன்றைச் செய்தவரைவிட அதிகம் கற்றிருப்பார்.

டர்பென்டைனும் எண்ணெய்த் துணிகளும் ஆபத்தானவையா?

காற்றோட்டமில்லாத அறையில் டர்பென்டைனைப் பயன்படுத்தாதீர்கள். தூரிகையைச் சமையலெண்ணெயால் துடைத்துச் சோப்பால் கழுவினாலே போதும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால் தாமாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அவற்றை வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகரப் பாத்திரத்தில் மூடி வையுங்கள்.

ஈரமாக இருந்தபோது ஆழமாகத் தெரிந்த இருள், காய்ந்தபின் சாம்பல் பூத்துவிடுகிறது. ஏன்?

அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிடுவதால் மேற்பரப்பு பளபளப்பை இழக்கிறது. ஒளி அதில் சிதறிக் கருமையை வெளுக்கச் செய்கிறது. நன்கு காய்ந்த படத்தில், மங்கிய இடத்தில் மட்டும் மிக மெல்லிதாக எண்ணெயைத் தடவி, மிகுதியைத் துணியால் முற்றிலும் ஒற்றி எடுத்துவிட்டால் பழைய ஆழம் திரும்பும். படம் முடிந்து ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை கழித்து வார்னிஷ் பூசினால் எல்லா இருள்களும் ஒரே ஆழத்துக்கு வரும். அதன்பின் படத்தை ஜன்னலுக்கு நேரெதிரே மாட்டாமல், ஒளி பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ படும் சுவரில் மாட்டுங்கள். பளபளக்கும் இருண்ட பரப்பு எதிரே உள்ள ஜன்னலையே காட்டிக்கொண்டிருந்தால் நிழலுக்குள் செய்த வேலை எதுவும் கண்ணுக்குத் தெரியாது.